ஜமாலின் பகல் நிலா

1

நேற்று மாலை வேலை முடிந்து வெளியே வந்தபோது, கார் நிறுத்துமிடத்துக்கு எதிரே உள்ள தகரக் கூரைக்கு மேல் பாதி நிலா நின்றிருந்தது. அடிலெய்டில் இப்போது கோடை. ஐந்து மணிக்கும் வெயில் மண்டையைப் பிளக்கிறது. அந்த வெயிலில், பளீரென்ற நீல வானத்தில், யாரும் அண்ணாந்து பார்க்காத ஒரு வெளுத்த நிலா.

என் கை தானாகவே பைக்குள் போய் போனை எடுத்துவிட்டது. இங்கே ஐந்து என்றால் ஏற்காட்டில் பகல் பன்னிரண்டு. தம்பி சாப்பிடப் போவதற்கு முன்னால் கடைவாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் நேரம். எண்ணை அழுத்தப் போகும்போதுதான் நினைவுக்கு வந்தது. அவன் போய் ஓராண்டு ஆகப்போகிறது. எனக்குத் தெரிந்திருக்கிறது. கைக்கு இன்னும் தெரியவில்லை.

காரில் உட்கார்ந்து ஏசியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். கூட வேலை பார்க்கும் பெண் கண்ணாடியைத் தட்டி, “எல்லாம் சரிதானே?” என்று கேட்டாள். “சரிதான்” என்றேன். இந்த ஊரில் அந்தக் கேள்விக்கு வேறு பதில் யாரும் சொல்வதில்லை. ஊரில் இருப்பவர்களுக்காவது சொல்லிவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

2

என் தம்பியின் பெயர் ஜமால். என்னைவிட ஏழு வயது சின்னவன். அவன் பிறந்த அன்றே சேலத்து டாக்டர் அத்தாவைத் தனியே கூப்பிட்டு, குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் என்றும், இதயத்தில் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது என்றும் சொன்னாராம். பேச்சு தாமதமாக வரும், படிப்பு ஏறாது, ஆயுசு எவ்வளவு என்று சொல்ல முடியாது. அத்தா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்து, ஆயுசு பற்றியதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அம்மாவிடம் சொன்னார்.

ஒண்டிக்கடை ரவுண்டானாவுக்குப் பக்கத்தில் எங்கள் கடை. மிளகு, காப்பித்தூள், தேன், தைலம் என்று சுற்றுலா வருகிறவர்கள் வாங்கிப்போகிற சாமான்கள். ஜமாலைப் பள்ளிக்கூடத்தில் ஒரு வருடத்துக்கு மேல் வைத்துக்கொள்ளவில்லை. அதனால் அவன் கடையிலேயே வளர்ந்தான். எழுத்து தெரியாது. ஆனால் திருப்பத்தில் பஸ்ஸின் மூக்கு தெரிந்ததுமே “மாரமங்கலம்”, “வாழவந்தி” என்று அது போகும் ஊரைச் சரியாகச் சொல்லிவிடுவான். வெயில் காலத்திலும் குல்லா போட்டுக்கொள்வான். பிடிவாதக்காரன். கோபம் வந்தால் மிளகுச் சாக்கின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு யார் வந்தாலும் இறங்கமாட்டான். வியாபாரமே நின்றுபோகும்.

அவனுக்குப் பத்து வயது இருக்கும்போது அத்தா ஏதோ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பகலில் சூரியன், ராத்திரியில் நிலா. ஜமால் இல்லை என்று தலையாட்டினான். அத்தா மறுபடி சொன்னார். அவன் மறுபடி தலையாட்டினான். பிறகு அத்தாவின் கையைப் பிடித்துத் தரதரவென்று ரோட்டுக்கு இழுத்துக்கொண்டு போய், எதிர்ச் சரிவில் சில்வர் ஓக் மரங்களுக்கு மேலே கையைக் காட்டினான். பகல் இரண்டு மணி. அங்கே நிலா இருந்தது.

“பாருங்கத்தா.”

அத்தா கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். “ஆமாடா. இருக்குதே” என்றார்.

ஜமால் தன் வாழ்க்கையில் ஜெயித்த முதல் வாக்குவாதம் அது. அதன் ருசி அவனை விடவே இல்லை. அன்றிலிருந்து மேகமோ பனியோ மறைக்காத நாட்களில் எல்லாம் பகல் நிலாவைத் தேடிப் பிடிப்பது அவன் வேலையாகிவிட்டது. கிடைத்தால் கடைக்கு வருகிறவர்களின் முகவாயைப் பிடித்து மேலே திருப்புவான். “ஆமா, இருக்குது” என்று அவர்கள் வாயால் சொல்லும்வரை விடமாட்டான். சிலர் பயந்து விலகுவார்கள். சிலர் திட்டுவார்கள். பலர் பார்த்துவிட்டு, அதுவரை பார்த்ததே இல்லை என்பதுபோல் நிற்பார்கள்.

ஒரு நோன்பு மாதக் கடைசியில், விடிந்து வெளிச்சம் வந்த பிறகு, கிழக்கே நூல் மாதிரி ஒரு நிலாவைப் பார்த்துவிட்டு நேராகப் பள்ளிவாசலுக்கு ஓடினான். பிறை பார்த்தாகிவிட்டது, நாளைக்குப் பெருநாள் என்று சொன்னான். ஹஜரத் அவனை உட்காரவைத்து, “அது போற பிறை சாமி. நமக்கு வர்ற பிறைதான் கணக்கு” என்றார். ஜமாலுக்கு அது நியாயமாகப் படவில்லை. மறுநாள் புதுச்சட்டையைப் போட்டுக்கொண்டு கடைவாசலில் உட்கார்ந்துவிட்டான். தெருவே அவனுக்குக் கை கொடுத்துப் பெருநாள் வாழ்த்து சொல்லிவிட்டுப் போனது. அந்த வருடம் அவனுக்கு மட்டும் இரண்டு பெருநாள்.

3

கல்யாணமாகி அன்வரோடு நான் இங்கே வந்தபோது ஜமால் பஸ் நிலையத்தில் என்னோடு பேசவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். முதல் இரண்டு மாதம் போனிலும் வரமாட்டேன் என்றுவிட்டான். அவனைச் சரிக்கட்டியது நிலாதான். ஒருநாள் வேலை முடிந்து வரும்போது வானத்தில் பார்த்தேன். போட்டோ எடுத்து அத்தாவின் போனுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டான்.

“அக்கா, உன் நிலா குப்புறக் கெடக்குது.”

எனக்குப் புரியவில்லை. அப்புறம் அன்வர் விளக்கினார். நாம் பூமியின் தென்பாதியில் இருப்பதால் நிலாவில் உள்ள திட்டுகள் இங்கே தலைகீழாகத் தெரியுமாம். இந்த நாட்டில் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தும் நான் கவனிக்காததை அவன் ஒரு போட்டோவில் கண்டுபிடித்துவிட்டான். வருத்தமும் பட்டான். “நேரா வைக்கச் சொல்லு” என்றான்.

வளர்பிறையில் ஒரு சில நாட்கள் அவன் மதிய நேரத்திலும் என் மாலை நேரத்திலும் ஒரே நிலா இரண்டு வானத்திலும் இருக்கும். அந்த நாட்களில் அவன் கூப்பிடுவான். “நிலா இருக்குதாக்கா?” கட்டடம் மறைத்தால் நான் தெருவைச் சுற்றிப் போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும். பார்க்காமல் சொன்னால் என் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவான். மற்ற நாட்களில் அவன் வானத்தில் இருந்து என் வானத்தில் இல்லாமல் போகும். அதை மட்டும் அவனுக்குப் புரியவைக்க முடிந்ததே இல்லை.

என் மகள் சஃபாவுக்கு ஆறேழு வயதுவரை மாமாதான் உயிர். இரண்டு பேரும் போனில் மணிக்கணக்காக ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிறகு பள்ளிக்கூடம் போகப் போக அவள் தமிழ் மெலிந்தது. இடையிடையே ஆங்கிலத்தை வைத்து ஒட்டிப் பேசத் தொடங்கினாள். அப்படி ஒருநாள் ஜமால் நிலா எங்கே என்று கேட்டபோது, அஸ்தமித்துவிட்டது என்று சொல்ல நினைத்து, “மாமா, இங்க நிலா செட் ஆயிருச்சு” என்றாள்.

அவன் காதில் அது “செத்துருச்சு” என்று விழுந்தது.

நாங்கள் போனை வைத்துவிட்டோம். ஒரு மணி நேரம் கழித்து அம்மா கூப்பிட்டார். “ஏங்கண்ணு, சஃபா என்ன சொன்னா? இவன் தரையில உருண்டு உருண்டு அழுவுறான். சோறு வேணாங்கறான். நிலா மவுத்தாப் போச்சுங்கறான்.”

நான் பேசிப் பார்த்தேன். அன்வர் பேசினார். எதுவும் எடுபடவில்லை. மறுநாள் மதியம் அவனே கூப்பிட்டான். முகமெல்லாம் சிரிப்பு. போனை வானத்தை நோக்கிப் பிடித்துக்கொண்டு, “சாவல அக்கா, சாவல” என்றான்.

எனக்கும் அம்மாவுக்கும் அது சிரிப்பாக முடிந்தது. சஃபாவுக்கு அப்படி முடியவில்லை. அதற்குப் பிறகு மாமா அழைத்தால் வேறு அறைக்குப் போய்விடுவாள். ஏன் என்று கேட்டதற்கு ஆங்கிலத்தில் சொன்னாள்: “நான் தமிழ் பேசினால் யாரையாவது அழவைத்துவிடுகிறேன்.” அப்போது அவளுக்கு ஒன்பது வயது. இப்போது பதிமூன்று. நான் தமிழில் கேட்கிறேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள். எங்கள் வீட்டில் இப்படித்தான் ஓடுகிறது.

4

அத்தா ஒரு மழைக்காலத்தில் கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. அம்மாவும் ஜமாலும் தனியானார்கள். பெரியப்பா மகன் நசீர் கடையில் வந்து கூடமாட நின்றான். ஆனாலும் அம்மாவுக்கு வயதாகிறது, அவருக்குப் பிறகு ஜமாலுக்கு யார் என்ற கேள்வி எனக்குள் குடைந்துகொண்டே இருந்தது. இரண்டு பேரையும் இங்கே நிரந்தரமாகக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவது என்று முடிவுசெய்தோம். விசா வேலைக்கு ஒரு ஏஜென்ட்டைப் பிடித்தோம். குஜராத்காரர், நல்ல மனிதர்.

மருத்துவப் பரிசோதனைக்கு ஜமாலைச் சென்னைக்கு அழைத்துப் போனார்கள். மலை இறங்கும்போது வழியெல்லாம் வாந்தி. ரயில் ஏறியதும் ராஜா மாதிரி ஆகிவிட்டானாம். பரிசோதித்த டாக்டர் அம்மாவிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டிருக்கிறார். தானாகக் குளிப்பானா, தானாகச் சாப்பிடுவானா, தனியாக ரோட்டைக் கடப்பானா, காசைக் கணக்குப் பார்ப்பானா. அம்மா எல்லாவற்றுக்கும் உண்மையையே சொன்னார். “கேக்கறாங்க, சொல்லாம என்ன பண்றது கண்ணு. பொய் சொன்னா இவன் அங்கயே எழுந்திருச்சி இல்லைம்பான்.”

மாதங்கள் கழித்து மறுப்பு வந்தது. மரியாதையான கடிதம். உங்கள் சகோதரரின் உடல்நிலை காரணமாக இந்த நாட்டின் மருத்துவ, சமூகச் சேவைகளுக்குக் கணிசமான செலவு ஏற்படும் என்று கருதப்படுகிறது. குடும்பத்தில் ஒருவர் உடல்நலத் தகுதி பெறாவிட்டால் மற்றவருக்கும் விசா கிடைக்காது.

“யாருடைய தவறும் இல்லை. சட்டம் இப்படி” என்றார் ஏஜென்ட். அவனைச் சேர்க்காமல் அம்மாவுக்கு மட்டும் கேட்டால்? அப்போதும் அவன் அம்மாவைச் சார்ந்தவன்தான், அவனைப் பற்றிய கேள்வி அப்படியே நிற்கும் என்றார். மேல்முறையீடு செய்தோம். வரிசை நீளமாக இருந்தது. காத்திருந்தோம்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று இங்கே சொல்லியாக வேண்டும். ஜமாலைப் போன்றவர்கள் பகலில் வந்து தங்கிப் போகும் ஒரு பராமரிப்பு இல்லத்தில் வேலை. அவர்களுக்கு ஊட்டிவிடுகிறேன், முகம் துடைத்துவிடுகிறேன், பாட்டுப் போட்டு ஆடுகிறேன். பொறுமையான ஊழியர் என்று என்னைப் பாராட்டுகிறார்கள். அந்த மறுப்புக் கடிதத்தை அங்கே மதிய இடைவேளையில் போனில் படித்தேன். படித்து முடித்துவிட்டு உள்ளே போய் ஒருவருக்குச் சட்டை மாற்றிவிட்டேன். அவர் என் கன்னத்தைத் தட்டினார். வேறு என்ன செய்திருக்க முடியும் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ஜமாலிடம் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவன் பெட்டியில் சட்டைகளை அடுக்கி வைத்திருந்தான். யார் கேட்டாலும், “அக்கா ஊட்டுக்குப் போறேன். நிலாவ நேரா வைக்கப் போறேன்” என்பானாம்.

5

போன மார்கழியில் ஏற்காட்டில் பனி அதிகம். ஜமாலுக்குச் சளி பிடித்தது. நெஞ்சில் இறங்கியது. சேலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். போனில் அவன் முகத்தில் மாஸ்க் மாட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் அதைப் பிடுங்கப் பார்த்தான். நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் சஃபாவுக்கும் மறுநாளைக்கு டிக்கெட் கிடைத்தது. “நாளைக்குக் கெளம்பி வந்துர்றேன்டா” என்றேன். அவன் கண்ணால் மேலே காட்டினான். ஆஸ்பத்திரிக் கூரைதான் இருந்தது.

மறுநாள் காலை அங்கே விடிந்த சற்று நேரத்தில், இங்கே நண்பகலில், அம்மாவின் அழைப்பு. பெட்டியை மூடிக்கொண்டிருந்தேன்.

“ஜமால் போயிட்டாங்கண்ணு.”

அம்மா அழவில்லை. அழுதால் என்னால் தாங்க முடியாது என்று நினைத்திருப்பார். “ஊட்டுக்குக் கொண்டாந்துட்டு இருக்கோம். வேன்ல நசீரு முன்னாடி உக்காந்திருக்கான். நான் இவன் பக்கத்துல இருக்கேன்” என்றார். மலை ஏறும் வேனின் சத்தம் போனில் கேட்டது. ஒவ்வொரு வளைவிலும் அம்மாவின் குரல் போய்ப் போய் வந்தது.

கொஞ்ச நேரத்தில் நசீர் கூப்பிட்டான். “அக்கா, ஜமாஅத்துல கேக்கறாங்க. நீங்க வந்து சேர நாளான்னைக்கு ஆயிருமுங்க. நம்மளுது நேரத்தோட அடக்கம் பண்றதுதான் வழக்கம். ஆனா நீங்க மொகம் பாக்கணும்னு சொன்னா ஐஸ் பெட்டி கொண்டாந்து வச்சி வைக்கலாம்னு சொல்றாங்க. என்னுங்க செய்யட்டும்?”

“அம்மா என்ன சொன்னாங்க?”

“அக்கா சொல்றபடி செய்யுங்கன்னுட்டாங்க.”

சுவரில் சாய்ந்துகொண்டேன். வை, நான் வந்துவிடுகிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஒரே ஒரு தடவை அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்காக இரண்டு நாள் அவனைக் கண்ணாடி மூடிப் படுக்கவைக்க வேண்டும். குல்லாவை யாராவது கழற்றினாலே கத்துகிறவன்.

“வேண்டாம் நசீர். அவனுக்குக் குளுரு ஆகாது. எடுத்துருங்க” என்றேன்.

“சரிங்கக்கா” என்றான் நசீர்.

பகல் தொழுகை முடிந்ததும் எடுத்தார்கள். வீடியோவில் காட்டட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். அந்த நேரத்தில் இங்கே மாலை. வெயில் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் போய் வானத்தில் தேடினேன். அமாவாசைக்கு மறுநாள். எங்கேயும் இல்லை. இருக்காது என்று தெரிந்தும் அரை மணி நேரம் தேடினேன்.

சஃபா வந்து பக்கத்தில் நின்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு தமிழில் கேட்டாள்.

“மாமா என் மேலே கோபமா இருந்தாரா?”

“இல்ல கண்ணு. உன் மேல அவனுக்கு என்னைக்கும் கோபம் இல்ல.”

“அவர் கேட்டப்ப நான் ரூமுக்குப் போவேன்.”

அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். அவள் விலகவில்லை. இந்த வயதில் அதுவே பெரிது.

6

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கடைவாசலில் ஸ்டூல் இல்லை. நசீர் உள்ளே எடுத்து வைத்திருந்தான். எங்கள் ஊரில் பெண்கள் கபர்ஸ்தானுக்குள் போவதில்லை. நான் சுவருக்கு வெளியே நின்றேன். நசீர் உள்ளே போய், புது மண் குவிந்த இடத்தில் நின்று கையைத் தூக்கிக் காட்டினான். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. சஃபா, உறவுப் பையன்களோடு தானும் உள்ளே போகலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இறப்புச் சான்றிதழ் வாங்க அலுவலகத்துக்கு மூன்று தடவை நடந்தோம். பெயர், முகவரி என்ற இடத்தில் எழுதும்போது அங்கிருந்த எழுத்தர் நிமிர்ந்து, “பஸ் பேரெல்லாம் சொல்லுவாரே, அவருங்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அந்தச் சான்றிதழின் நகலை ஏஜென்ட்டுக்கு அனுப்பினேன். தகவல் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. இரண்டாம் நாள் கூப்பிட்டார். முதலில் வருத்தம் சொன்னார். பிறகு, தயங்கித் தயங்கி, “இதை இப்போது சொல்வதற்கு மன்னிக்க வேண்டும். ஆனால் சொல்லாமலிருப்பது என் தொழிலுக்குச் சரியில்லை. உங்கள் அம்மாவின் விண்ணப்பத்துக்கு இனி எந்தத் தடையும் இல்லை” என்றார்.

அம்மா கல்லாவில் இருந்தார். துக்க வீடு என்று தெரியாமல் வந்த யாரோ ஒரு குடும்பத்துக்கு மிளகு நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர்கள் போகும்வரை காத்திருந்து சொன்னேன். அம்மா தராசுத் தட்டைத் துணியால் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

“அவன் இருந்தப்ப வரக்கூடாதுன்னாங்க. இப்ப அவன் இல்லைன்னதும் வரலாங்கறாங்களா?”

“சட்டம் அப்படிங்கம்மா.”

“சட்டத்த நான் ஒண்ணும் சொல்லல கண்ணு. எனக்கும் ஆசைதான். உன் கையால ரெண்டு வாய் சாப்புடணும், சஃபாவப் பக்கத்துல படுக்க வச்சிக்கணும்னு நொம்ப நாளா நெனச்சிருக்கேன். ஆனா இவன் போனதுனால தொறந்த கதவுல நான் நொழஞ்சி வந்தா, இவன் எப்பப் போவான்னு காத்துக்கிட்டு இருந்த மாதிரி ஆயிரும். நான் வரல.”

“தனியா எப்படிங்கம்மா இருப்பீங்க?”

“கடை இருக்குது. நசீரு இருக்கான். வெள்ளிக்கெழமையில அந்தச் செவுத்தோரம் போய் நின்னு அவன்கிட்ட ரெண்டு வார்த்த பேசிட்டு வருவேன். அங்க வந்து நான் யாருகிட்டப் பேசறது?” என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். “நீ போ சாமி. உனக்கு ஒரு புள்ள இருக்கா. புள்ள இருக்கற எடத்துலதான் தாய் இருக்கணும்.”

அன்று சாயங்காலமே ஏஜென்ட்டைக் கூப்பிட்டு, மேல்முறையீட்டைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம் என்றேன். அவர் அதிர்ந்துபோனார். யோசித்துக்கொள்ளுங்கள், இன்னொரு தடவை இந்த வாய்ப்பு வராது என்றார். யோசித்தாகிவிட்டது என்றேன்.

“காரணம் என்று ஏதாவது எழுத வேண்டுமே.”

“அம்மாவுக்குத் தன் மகனை விட்டுவிட்டு வர விருப்பமில்லை என்று எழுதுங்கள்.”

அவர் மெதுவாகக் கேட்டார்.

“ஆனால், மகன் இப்போது…”

“ஆமாம்” என்றேன். “அப்படியே எழுதுங்கள்.”